மஞ்சள் களத்தில் இரண்டு வெள்ளைச் சட்டைகள்

கோயம்புத்தூரில் இருந்த ஏழு மாதங்களில் என்னை மெடிக்கல் ரெப் என்று நினைத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு பேன்ட், முதுகில் ஒரு பை, பக்கத்தில் அதே கோலத்தில் இன்னொருவன். வேறு என்னதான் நினைப்பார்கள்? காந்திபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, "ஓனரு இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். நாங்கள் தலைவலி மாத்திரை வாங்கப் போயிருந்தோம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சொந்த ஊர் மலேசியாவில் கிள்ளான். வெளியார் மார்மன் என்று சொல்லும் சபையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் சபையில் பையன்கள் இரண்டு வருடம் வீட்டை விட்டுப் போய் ஊழியம் செய்வது வழக்கம். எந்த நாடு என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்கு இந்தியா என்று வந்தது. சில மாதங்கள் கழித்துக் கோவை என்று வந்தது. "தமிழ் பேசுற ஊருதானே, உனக்கென்ன கஷ்டம்?" என்றார் அம்மா போனில்.

கஷ்டம் முதல் நாளே தெரிந்துவிட்டது. கிள்ளானில் காரைக் காடி என்போம். பெட்டிக்கடை அம்மாவிடம், "இங்க காடி எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "அப்படியொரு முட்டாயி எங்ககிட்ட இல்லீங் கண்ணு" என்றார்.

என் கூட்டாளி ராஜமுந்திரிப் பக்கத்துத் தெலுங்குப் பையன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவன் தமிழே தெரியாமல் கோவைக்கு வந்து, ஒரு வருடமாக இந்த ஊர்க்காரர்கள் வாயிலிருந்து மட்டும் தமிழ் கற்றுக்கொண்டவன். அதனால் அவனுக்கு 'ங்க' போடாமல் பேசவே வராது. தெருநாயைக்கூடக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "போங்க, அந்தப் பக்கம் போங்க" என்றுதான் விரட்டுவான். போகிற வீடுகளில் எல்லாம் அவனுக்குத்தான் பாராட்டு. என்னைப் பார்த்து, "உங்க சேக்காளி தமிழு நல்லாப் பேசறாருங்க. நீங்க கேரளாவுங்களா?" என்று கேட்பார்கள். பால் குடித்த நாளிலிருந்து தமிழ் பேசுகிறவன் நான். முதலில் கோபம் வந்தது. ஒரு மாதத்தில் நானும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட ஆரம்பித்துவிட்டேன். வாரம் ஒருமுறை வீட்டோடு வீடியோவில் பேசுவோம். அப்போது என் தம்பியிடமே, "எப்படீங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவன் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

காலை ஆறரைக்கு எழுந்தாக வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, வேதப் படிப்பு, நாங்களே சமைத்த உப்புமா. பிறகு நாள் முழுக்க நடை, டவுன் பஸ், சபைக்காரர்கள் வீடு, நோயாளிகளைப் பார்ப்பது, சாயந்தரம் இலவச ஆங்கில வகுப்பு. கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூடாது. கூப்பிட்ட வீட்டுக்குத்தான் போவோம். ஒருவரை விட்டு ஒருவர் தனியே எங்கும் போகக் கூடாது. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். எங்களை எல்டர் என்று அழைப்பார்கள். அப்படியென்றால் மூப்பர் என்று அர்த்தம் சொன்னதும், எதிர் வீட்டு அம்மா என் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "மீசையே மொளைக்கலியே கண்ணு, அதுக்குள்ள மூப்பரா?" என்றார்.

எங்கள் சபைக்கு வரும் அக்கா ஒருவர் பேக்கரி ஒன்றில் கேக் மேல் பூப்போடும் வேலையில் இருந்தார். சர்க்கரைப் பசையில் அவர் ரோஜா போட்டால் தேனீ வந்து ஏமாந்துவிடும். கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். நாங்கள் பார்க்கும்போதெல்லாம் கலகலவென்று பேசுவார். ஆனால் பிறந்த வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. கூட்டாளிதான் எனக்குச் சொன்னான். அவருக்கு ஒரே அண்ணன், கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். இவர் சபையில் சேர்ந்ததிலிருந்து அண்ணன் பேசுவதில்லை. மூன்று வருடம்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆங்கில வகுப்பு முடிந்ததும் அந்த அக்கா தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார்.

"தம்பிகளா, நாளைக்கு ஏதாச்சும் வேல இருக்குதுங்களா?"

"சொல்லுங்க்கா" என்றான் கூட்டாளி.

"எங்கண்ணி போன் பண்ணுச்சு. அண்ணனுக்குத் தெரியாம. அதுக்கு ஆபரேசன் ஆகி பத்து நாள்தான் ஆச்சு, குனிய முடியல. மஞ்சள வேகவெச்சுக் களத்துல காயப் போட்டிருக்குதாம். கிளறி உட ஆளு கெடைக்கலியாம். அண்ணன் ஒண்டியாக் கெடந்து அல்லாடுதாம். நான் போறேன். நீங்களும் கூட வந்தா…" என்றவர் உடனே, "ஆனா அங்க வந்து சாமி பேச்சு வேண்டாமுங்க. ஒரு வார்த்த கூட" என்றார்.

இப்படி உதவிக்குப் போவதும் எங்கள் ஊழியத்தில் ஒரு பகுதிதான். எங்கள் ஊழியப் பொறுப்பாளருக்குப் போன் செய்து ஊரை விட்டு வெளியே போக அனுமதி வாங்கினோம். வேலைக்கான பழைய சட்டையும் கால்சட்டையும் பையில் வைத்துக்கொண்டு, பயணத்துக்கு வழக்கம்போல வெள்ளைச் சட்டையும் டையுமாகக் கிளம்பினோம். அந்த முடிவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு மஞ்சள் வெட்டியவர்கள். அண்ணன் பஞ்சர் கடை, செங்கல் சூளை என்று என்னென்னவோ பார்த்துவிட்டு, அந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தனக்கென்று மஞ்சள் போட்டிருந்தார். "மொதல் வெள்ளாமைங்க" என்றார் அக்கா. கோபி நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. வாழைத் தோப்புகளுக்கு நடுவே இறங்கி நடந்தபோது முற்றிலும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு முன்னால் அகலமான களம். அதில் முழுக்க விரல் விரலாக மஞ்சள் பரப்பியிருந்தது. நடுவில் ஒருவர் பலகை கட்டிய கோலால் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். தங்கையைப் பார்த்தார், பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் டையைப் பார்த்து, "இன்சூரன்ஸா? இப்ப ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார்.

"இல்லீங்ணா, மஞ்சக் கிளற வந்தோமுங்க" என்றான் கூட்டாளி.

அவர் திரும்பவும் கிளறத் தொடங்கினார். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "வா அம்மணி" என்று நாத்தனாரின் கையைப் பிடித்தார். எங்களுக்கு இரண்டு டம்ளரில் டீ வந்தது.

எங்கள் சபையில் டீயும் காபியும் குடிப்பதில்லை. கொங்கு நாட்டில் ஒரு நாளைக்கு ஆறு தடவை அதை விளக்க வேண்டியிருக்கும். எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி. "வேண்டாங்க, நாங்க குடிக்க மாட்டோங்க" என்று சொன்னேன்.

அண்ணியின் கை நீட்டியபடியே நின்றது. களத்தில் கோலின் சத்தமும் நின்றுவிட்டது.

"எங்க ஊட்டுல குடிக்க மாட்டீங்களா?" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. எனக்கு விஷயம் பிடிபடவேயில்லை. டீ வேண்டாம் என்றதற்கு ஏன் இவர் முகம் இப்படி ஆகிறது என்று முழித்தேன். கூட்டாளி புரிந்துகொண்டான். அவன் ஊரிலும் சில வாசல்களில் சில டம்ளர்களைத் தொட மாட்டார்கள். அவன் ஒரே எட்டில் அண்ணியிடம் போய், "அக்கா, டீதானுங்க குடிக்கக் கூடாது. எங்கயும் குடிக்க மாட்டோம், சொந்த ஊட்டுலயும் மாட்டோம். எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க. பழைய சோறு இருந்தா அதையும் போடுங்க, காலைல சாப்புடலீங்க" என்றான்.

அது பொய். இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டிருந்தான். ஊழியத்தில் அவன் சொல்லி நான் கேட்ட ஒரே பொய்.

வாசலிலேயே உட்கார்ந்து பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டோம். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அது உபசாரத்துக்கு இல்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "டீ குடிக்காத ஒரு சாமியா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சாமி பேச்சை எடுத்தது அவர்தான். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

உடை மாற்றலாம் என்று பையைத் திறந்தபோதுதான் காற்று மாறியது. சத்தியமங்கலத்து மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மார்ச் மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. அண்ணன் கோலை எறிந்துவிட்டு ஓடினார். நனைந்தால் மஞ்சள் நிறம் செத்துவிடும், பூஞ்சை பிடிக்கும் என்று அண்ணி வாசலில் நின்று புலம்பினார். நாங்கள் பையைப் போட்டுவிட்டு அப்படியே களத்தில் குதித்தோம். கூடையால் வாரினோம். கூடை போதாமல் கையால் வாரினோம். நான் டையை முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொண்டு முழங்காலில் தவழ்ந்து குவித்தேன். முதல் துளி என் கழுத்தில் விழுந்தபோது பாதிதான் குவிந்திருந்தது.

அண்ணன் பெரிய தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார். காற்று அதைப் பிடுங்கியது. ஒரு முனை அவர் கையில், இன்னொன்று கூட்டாளியின் கையில், மூன்றாவதை நான் பிடித்தேன். நான்காவது முனை பறந்து அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மணி! அந்தக் கோடியப் புடி அம்மணி!" என்று கத்தினார் அண்ணன்.

அக்கா பிடித்தார். பிடித்ததோடு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மழை கொட்டியது. நாங்கள் நான்கு பேரும் நான்கு மூலைகளில் தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து நனைந்தோம். எழுந்தால் காற்று தூக்கிவிடும். அக்காவின் முகத்தில் வழிந்தது எல்லாம் மழைதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் மழை விட்டது. தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு கூடை அளவுதான் நனைந்திருந்தது. மற்றதெல்லாம் காய்ந்தபடியே கிடந்தது. எங்களுக்குத்தான் சேதம். கழுத்திலிருந்து முழங்கால் வரை இரண்டு பேரும் கல்யாண மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்த மாதிரி இருந்தோம். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் பேச வேண்டியவன் நான். என்னிடம் இருந்த இன்னொரு நல்ல சட்டையின் காலரில் இஸ்திரிப் பெட்டி ஓட்டை போட்டிருந்தது.

மோட்டார் தொட்டியில் சட்டையை முக்கி, துணி சோப்பை எடுத்து நன்றாகத் தேய்த்தேன். மஞ்சள் மறைந்தது. சட்டை ரத்தச் சிவப்பாக மாறியது. நான் அலறிவிட்டேன். கூட்டாளி ஓடி வந்து, இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டால் போய்விடும் என்றான். போட்டோம். இன்னும் சிவந்தது.

அண்ணன் தொட்டியருகே வந்து எட்டிப் பார்த்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார். "மஞ்சளுக்கு சோப்பு போடுவாங்களாடா சாமிகளா! ஏ அம்மணி, இங்க வந்து பாரு, ஆரத்தித் தண்ணி கரைச்சுபோட்டானுக!" என்றார். அக்கா வந்தார். அண்ணனும் தங்கையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

"சும்மாத் தண்ணில அலசி வெயில்ல போடுங்க. நாலு நாளு வெயிலு பட்டா மஞ்சளு தானாப் போயிரும்" என்றார் அவர். எங்களுக்கு நான்கு நாள் இல்லை. அலசியதில் சிவப்பு மறுபடி மஞ்சளானது. பொழுது சாயும்வரை பழைய துணியோடு களத்தைக் கூட்டி, மஞ்சளைத் திரும்பப் பரப்பிவிட்டு, அந்தச் சட்டைகளையே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பண்ணாரியம்மன் கோயிலுக்குங்களா? அந்தப் பஸ்சு எதுத்தாப்புல நிக்கும்" என்றார்.

ஞாயிறன்று அந்த மஞ்சள் சட்டையிலேயே நின்று பேசினேன். என்ன பேசினேன் என்று யாருக்கும் நினைவிருக்காது, எனக்கும் இல்லை. முன் வரிசையில் இரண்டு குழந்தைகள் கடைசிவரை என் சட்டையைக் காட்டிக் காட்டிச் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அக்கா வந்து, "காலைல ஆறு மணிக்கு அண்ணன் போன் பண்ணுச்சுங்க. பத்திரமா ஊடு சேந்தியான்னு கேட்டுச்சு. நேத்தே சேந்தாச்சுன்னேன். 'சேரி, சும்மா கேட்டேன்'னுச்சு" என்றார். அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்று இரண்டாவது முறையும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அண்ணியை டாக்டரிடம் காட்டக் கோவைக்கு வந்த அண்ணன் தங்கை வீட்டில்தான் தங்கினார். எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் முடிந்ததும் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "சேரி, அப்படி என்னதாங்க சொல்றீங்க உங்க சபைல? என்ர தங்கச்சி எதுக்குப் போச்சுன்னு நானும் தெரிஞ்சுக்கோணுமில்ல" என்றார்.

அக்கா பதறி, "வேண்டாண்ணா" என்றார்.

"நீ சும்மா இரு அம்மணி. பசங்க சொல்லட்டும்."

ஏழு மாதமாக இப்படி யாராவது தானாகக் கேட்பார்களா என்று காத்திருந்தவன் நான். நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாகப் பழகி வைத்திருந்த பாடத்தை 'ங்க' ஒன்றுகூடக் குறையாமல் ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடம் அவர் தலை ஆடியது. ஆமோதிக்கிறார் என்று நினைத்து உற்சாகமாகக் குரலை உயர்த்தினேன். கூட்டாளி என் முழங்காலைத் தட்டினான். அண்ணன் வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். பிறகு ஒரு தலையணையைக் கொண்டு வந்து அண்ணனின் கழுத்துக்கு அடியில் மெதுவாக வைத்தார். நாங்கள் ஓசைப்படாமல் செருப்பை… இல்லை, அந்தக் கறுப்பு ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம்.