பின் சீட்டுக் காவல்

பாலாவிச் சந்தியில் என் ஓட்டோ நிற்கும். நான் அதற்குள் ஒளிந்துகொண்டிருப்பேன். ஆளைக் கூப்பிட எனக்கு வாய் வராது. யாராவது தானாக வந்து ஏறினால்தான் ஓட்டம். பார்த்துச் சலித்துப்போன மனைவி, உப்பளப் பாதையில் என்னிடமே ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

“ஒரு கிழமைக்கு நான் ஓட்டிப் பாக்கிறன். ஆக்கள் ஏறல்லெண்டா சாவிய உங்கட கையில தந்துட்டு ஊட்ட இரிக்கிறன், சரியா?”

“ஓம்” என்றேன். ஆனால் பெண் தனியே சந்தியில் நின்றால் ஊர் கதைக்குமே! மரியாதைக்காக நானும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

சந்தியில் இறால் கம்பனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நிற்பார்கள். பஸ் நிரம்பி வந்தால் நிற்காமலே போய்விடும். மனைவி அவர்கள் பக்கத்தில் ஓட்டோவை நிறுத்தினாள். சிரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்படியே பின்வாங்கிவிட்டார்கள். மறுநாளும் இதே கதைதான்.

சொன்ன ஒரு வாரமும் முடியப் போனது. மனைவி சாப்பாட்டைக்கூடச் சரியாகத் தொடவில்லை. பெண் ஓட்டுவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள் என்று நினைத்து, இருந்த தைரியத்தையெல்லாம் கூட்டித் தலையை வெளியே நீட்டினேன்.

“பயப்படாம ஏறுங்க. நல்லா ஓட்டுவா.”

அவர்கள் இன்னும் பின்னால் போனார்கள். ஒருத்தி மட்டும் இடுப்பில் கை வைத்தபடி மனைவியிடம் வந்தாள்.

“ராத்தா, பொம்புள ஓட்டோ எண்டுதானே ஓடி வாறம். ஒவ்வொரு நாளும் இந்த மனுசன எங்க ஏத்திட்டுப் போறீங்க?”

“இவர் என்ட மாப்புள.”

“அல்லாஹ்வே! அவர ஊட்ட வெச்சிட்டு வாங்களன். அந்நிய ஆம்புளயோட ஒட்டி இரிக்க ஏலுமா? பொம்புள ஓட்டோவில போற எண்டா எங்கட தங்கச்சியயும் ஊட்டுல வேலைக்கு உடுவாங்க.”

மனைவி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“எறங்குங்க.”

இறங்கினேன். நான் இருந்த இடத்தில் மூன்று பேர் ஏறிக்கொண்டார்கள்.

“பகலைக்கு மீன வெட்டிக் கழுவி வைங்க!” என்று மனைவி கத்திவிட்டுப் போனாள். சந்தி முழுக்கக் கேட்டிருக்கும். உப்பளத்து வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அதோடு சாவிப் பேச்சு நின்றது. இப்போது தங்கச்சிமார், மதினிமார் என்று கம்பனிக்குப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள், மனைவிக்கு ஓய்வில்லை. எனக்குப் போக்குவரத்தெல்லாம் பஸ்தான். அன்றொரு நாள் பஸ் நிற்காமல் போக, பின்னால் எங்கள் ஓட்டோ வந்தது. சந்தோசமாகக் கையை நீட்டினேன்.

“நிப்பாட்டிராதீங்க, ராத்தா!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

மனைவி ஹோர்னை மட்டும் அடித்துவிட்டுப் போனாள்.