விருந்தாளித் தண்ணீர்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருகிற தண்ணீருக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. பாட்டிலில் ஓர் எண் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மலேசியாவின் ஈப்போ நகரத்தில் பல வருஷமாக அந்த எண்களோடுதான் என் பிழைப்பு. பாட்டிலைத் திறப்பேன், எந்திரத்துக்குக் கொடுப்பேன், அது கக்குவதை ஆராய்ச்சியாளர்கள் முன்னால் கொண்டுபோய் வைப்பேன். என் சொந்த அக்கா குடிக்கிற தண்ணீரும் ஒரு நாள் அப்படி எண்ணாக என் மேசைக்கு வந்தது.

அக்கா இருப்பது கோப்பெங் ஊருக்கு உள்ளே, ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய தோட்டத்தில். தோட்டம் கைமாறியதும் பாதிப் பேர் டவுனுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த சில குடும்பங்கள் வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளிலேயே தங்கிவிட்டன. எல்லாருக்கும் பொதுவாக ஒரே கிணறு. கொஞ்ச தூரத்தில், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிவிட்டு அப்படியே போட்டுப்போன குட்டை. குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று அவர்கள் போய் நிற்காத வாசல் இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் கண்ட பலன்.

எங்கள் கூடத்தில் ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தார். நிலத்தடி நீரைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நான் அக்காவின் கதையைப் புலம்பியதும், "கெஞ்சினால் யாரும் கேட்க மாட்டார்கள், எண்ணைக் காட்டினால் கேட்பார்கள்" என்றார். எனக்கும் அதில் முழு நம்பிக்கை. நான் அந்த எண்களின் ஆள் அல்லவா!

அவரை லயத்துக்கு அழைத்துப்போனேன். டாக்டர் என்றதும் ஆளாளுக்கு முட்டிவலி, முதுகுவலி என்று வந்து நின்றுவிட்டார்கள். இவர் தண்ணீருக்கு டாக்டர் என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அவருக்கு வேண்டியது காலையில் கிணற்றிலிருந்து முதலில் இறைக்கிற தண்ணீர். மழைக்காலத்தில் அந்தச் சேற்றுப் பாதையில் விடியற்காலையில் கார் ஓட்ட முடியாது. அதனால் வீட்டுக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்து, பிடித்து வைக்கச் சொன்னோம். உள்ளே ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, கழுவக் கூடாது என்றும் சொன்னோம். எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

தண்ணீர் சுத்தம் என்றது எந்திரம். எல்லா பாட்டிலிலும் ஒரே மாதிரி எண்கள். ஒரே கிணறுதானே, யாருக்குச் சந்தேகம் வரும்? அங்கே போகும்போதெல்லாம் நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன், ருசியில் ஒரு குறை கண்டதில்லை. டாக்டர் முடிவைத் தண்ணீர் இலாகாவுக்கு எழுதி அனுப்பினார். கிணறு நன்றாக இருக்கிறபடியால் குழாய்க்கு இப்போது அவசரமில்லை என்று லயத்துக்குப் பதில் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சமாதானப்படுத்தப் போனேன். தலைப்பிரசவத்துக்கு அவள் மகள் வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்து வந்திருந்தார்கள், கை நிறைய வளையல் குலுங்கியது.

"குழாய் வராட்டி போவுதுக்கா. ஒங்க கெணத்துத் தண்ணி தங்கம். நானே பார்த்தேன்லா" என்றேன்.

அக்கா சிரித்தாள். "எப்படிடா நல்லா இல்லாம போவும்? டிரம்லேருந்துல்ல ஊத்திக் குடுத்தேன்!"

"எந்த டிரம்?"

அடுப்படி மூலையில் ஒரு நீல டிரம். மெயின் ரோட்டுக் கோயிலில் குழாய் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கேனில் பிடித்து வந்து வீட்டுக்கு வீடு ஊற்றிவிட்டுப் போவார்கள். சாமிக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அந்தத் தண்ணீர்தான். விருந்தாளிக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுப்பது அந்த லயத்தில் பெரிய மரியாதைக் குறைவு.

"படிச்சவங்க, அவ்ளோ தூரத்துலேருந்து வாராங்க. அவங்களுக்குப் போயி அந்தச் செவந்த தண்ணியக் குடுக்கச் சொல்றியா? பாட்டில்லகூட என்னமோ புளிச்ச வாட அடிச்சிச்சி. சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஊத்துனேன். எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் சோதித்து, முத்திரை குத்தி அனுப்பியது கோயில் குழாய்த் தண்ணீரை. அந்த முடிவை நம்பித்தான் இவர்களுக்குக் குழாய் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அப்ப நான் இங்க வந்தா குடிக்கிறது?"

அக்கா டிரம்மைக் காட்டினாள். "நீ ஈப்போக்காரன். வயித்துக்கு ஒத்துக்காதுன்னுதான்…"

கூடப் பிறந்தவள் வீட்டில் இத்தனை வருஷமாக நான் விருந்தாளியாம். அதை நினைத்து வருத்தப்படக்கூட நேரமில்லை. என் கண் அக்காள் மகளின் வயிற்றுக்குப் போய்விட்டது.

"இவ எதக் குடிக்கிறா?"

"அவ என்ன விருந்தாளியா? வீட்டுப் புள்ளடா. கெணத்துத் தண்ணிதான்."

வாசலுக்கு வந்து டாக்டருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நான் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும்" என்றார். மறுநாள் காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு நடந்து வந்து, அவரே கிணற்றில் வாளியை இறக்கினார்.

இந்த முறை எந்திரம் காட்டியதை என்னால் நம்ப முடியவில்லை. தப்பாக இருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதேதான். ஆர்செனிக் விஷம், குடிக்கவே கூடாத அளவுக்கு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊர்த் தண்ணீரில் இதைப் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்றைக்கு நேராக டாக்டரிடம் ஓடினேன்.

வாட்ஸ்அப்பில் சொல்லிவிடலாம் என்றேன். டாக்டர் கேட்கவில்லை. இரண்டு பேருமாகப் போனோம். அக்கா வீட்டு வாசலில் லயமே கூடிவிட்டது. இன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ அதில் சமைக்கவோ கூடாது, காய்ச்சினாலும் விஷம் போகாது என்றும், முதல் அறிக்கை தவறு என்று தானே எழுதப் போவதாகவும் டாக்டர் மலாயில் நிதானமாகச் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. அக்காதான் முன்னால் வந்து கேட்டாள், அவளும் மலாயில்தான்.

"என் மகள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?"

"தாக் தாவு, காக்" என்றார் டாக்டர். தெரியாது, அக்கா. "ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டும். அதற்கு முன்னால் நான் எது சொன்னாலும் அது பொய்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆகாது என்று ஒரு பேச்சுக்காவது சொல்லித் தொலைத்தால் என்ன? இத்தனை படிப்பும் எந்திரமும் எதற்கு? அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கி நின்றார், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அக்கா அவரையே பார்த்தாள். உள்ளே போனவள், மகளின் துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"அம்மா, நான் எங்கயும் போவல. இங்கதான் பெத்துக்குவேன்" என்று அந்தப் பெண் அழுதாள்.

"தம்பி, ஒன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் அக்கா என்னிடம். "இப்பவே. வீட்டுப் புள்ளன்னு நான் குடுத்த தண்ணி போதும். எங்கிட்ட இவ இருக்க வேணாம்."