சங்கிலியைக் கொடுத்தேன், கார்டைக் கொடுக்கவில்லை

1. பில் வந்த காலை

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி ரிஸ்வான். கட்டிங் மேசையில் மரியதாஸ் அண்ணன். ஓவர்லொக் மெஷினில் சுமனா. மொத்தத் துணிக்கடையிலிருந்து வந்து, ஒரு கையில் பில்லும் மறு கையில் கார்டு மெஷினுமாக வாசலில் நின்ற ஆள். பிறகு நான், ராணி, கர்ட்டன் தைப்பவள்.

கண்டி டவுனில் எங்கள் கடை. ஜன்னல் அளப்பது, தைப்பது, கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது எல்லாம் நாங்களே. ஹுன்னஸ்கிரியவில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இங்கே பிசிறு நூல் வெட்ட வந்தவள் நான். பிறகு மெஷினில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருடைய புது வீட்டில் முதல் கர்ட்டனை மாட்டியது என் கை.

அந்த மாதம் அம்பிட்டிய ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ஓடர். பெரஹரா திருவிழாவுக்கு ஆட்கள் வருவதற்கு முந்தி எல்லா அறைக்கும் கர்ட்டன் மாட்ட வேண்டும். துணி வேனில் வந்து நின்றது. ஆனால் பழைய பில் பாக்கி இருந்ததால், காசு கட்டாமல் ஒரு ரோலும் இறக்கமாட்டேன் என்று அந்த ஆள் சொல்லிவிட்டார். பில் ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம்.

முதலாளி என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்தார்.

“ராணி தங்கச்சி, ஒங்கள்ட்ட கார்ட் ஒன்னு ஈக்கிதானே? அதுல போடுங்க. கெஸ்ட் ஹவுஸ்காரங்க காசு தந்த ஒடன நான் கட்டிடுறன்.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. என் கார்டின் எல்லையே இரண்டு இலட்சம்தான். அதோடு, வங்கியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

2. கடனே இல்லாதவள்

அந்தக் கார்டு எப்படி வந்தது என்று சொன்னால்தான் என் பயம் விளங்கும்.

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே வீடு கட்ட ஆறு பேர்ச் காணி வாங்கி, அத்திவாரம் வரை கட்டியிருந்தோம். எல்லாம் சீட்டுக் காசும் ஓவர்டைம் காசும். அதற்கு மேல் கை எட்டவில்லை. என் வீட்டுக்காரர் பேக்கரியில் வேலை, சம்பளம் கையில்தான். சம்பளச் சீட்டு இருந்தது எனக்கு மட்டும். ஆகவே கடன் கேட்டுப் போனதும் நான்தான்.

வங்கியில் இருந்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“அக்கா, இதுக்கு முதல் எங்கயாவது கடன் எடுத்தனீங்களோ?”

“இல்ல மிஸ். ஒரு சதம் கடன் கெடையாது.” இதைச் சொல்லும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அதுதான் அக்கா கரைச்சல். கடன் வாங்கினா நீங்கள் எப்படிக் கட்டுவியள் எண்டு எங்களுக்குத் தெரியாதே. உங்கட கடன் அறிக்கை எடுத்துப் பார்த்தா வெறுமையா இருக்கும்.”

கடன் வாங்காததற்குப் பாராட்டுவார்கள் என்று போனவள் நான்.

மிஸ்தான் வழி சொன்னார். சேமிப்பில் கொஞ்சத்தை நிலையான வைப்பில் போட்டு, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எடுத்து, அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஆறு மாதம் கழித்துப் பெருமையாகப் போனால், மிஸ் கம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

“அக்கா, ஒருக்காவும் பாவிக்கேல்லையே.”

“பயமா இருந்திச்சி மிஸ்.”

“பயப்பிடுங்கோ, பிழையில்லை. ஆனா பயந்து பயந்து பாவியுங்கோ.”

அந்தச் சொல்லை நான் விடவில்லை. சாமான் கடையில் அரிசி, பருப்பு, எனக்கு வேண்டிய நூல் கட்டை. இவ்வளவுதான் கார்டில். கார்டை இழுத்த அன்றே அதே காசைப் பால்மா டின்னில் போட்டுவிடுவேன். பில் வந்ததும் டின்னைத் திறந்து முழுவதையும் கொண்டுபோய்க் கட்டுவேன், கடைசித் திகதிக்கு நிறைய முன்னாலேயே. “மினிமம் கட்டினா போதும் ராணி, எல்லாரும் அப்பிடித்தான்” என்று மரியதாஸ் அண்ணன் சொல்லிப் பார்த்தார். மிச்சத்துக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பக்கமே போகவில்லை. இப்படி ஒரு வருஷம் கட்டிய பிறகுதான் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்தேன்.

தைக்கிற பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். கர்ட்டன் துணி முதல் கழுவலில் சுருங்கும். அதனால்தான் கீழே அகலமாக மடிப்பு விடுகிறோம். கார்டிலும் அப்படித்தான், எல்லை வரைக்கும் இழுக்கக் கூடாது. மடிப்பு விடவேண்டும்.

3. எது பெறுமதி

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சுமனாவின் மெஷின் நின்றுவிட்டது.

“இல்ல முதலாளி. கார்டு தர முடியாது.”

“நான் கட்டமாட்டன்னு நெனக்கிறீங்களா?”

“கட்டுவீங்க. எப்ப கட்டுவீங்கன்னு தெரியாதே.”

மரியதாஸ் அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “ராணி அந்தக் கார்டுக்குப் பூப் போட்டுக் கும்புடுது முதலாளி. மாதா படத்துக்கு முன்னுக்கும் நான் இப்பிடிப் பயந்து நின்டதில்ல.”

வாசலில் நின்ற ஆள்கூடச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. நூல் வெட்டிய என்னை மெஷினில் உட்கார வைத்தவர் அவர். இந்த ஓடர் போனால் கடைக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றினேன். இரண்டு பவுன். எங்கள் பக்கத்தில் ஒரு ஆபத்துக்கு நகையைக் கழற்றிக் கொடுப்பது வழக்கம்தான். வாங்கியவர் அடகு வைப்பார், பிறகு மீட்டுத் தருவார்.

“இத வெச்சி எடுங்க முதலாளி.”

அவர் சங்கிலியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “தங்கத்தத் தாறீங்க, பிளாஸ்டிக்கத் தரமாட்டீங்க. எது பெறுமதி தங்கச்சி?”

“சங்கிலிய நீங்க ஒங்க பேருல அடகு வெப்பீங்க. கார்டு என் பேருல இருக்கு.”

அவர் சங்கிலியை ஒரு துண்டுத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். மத்தியானத்துக்கு முன் துணி இறங்கியது. பெரஹராவுக்கு முந்தி எல்லா அறைக்கும் மாட்டி முடித்தோம், ஒரு பிளீட் மடிப்புக்கூடப் பிசகாமல்.

ஆனால் கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் காசு தரவில்லை. இன்று, நாளை என்று மூன்று மாதம் இழுத்தார்கள். அவ்வளவு நாளும் முதலாளி என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. வெறுங்கழுத்தோடு நான் மெஷினில் இருந்தேன். சங்கிலி திரும்புமா, வேலை நிலைக்குமா, கடன் கிடைக்குமா என்று ஒவ்வொரு நாளும் மூன்று பயம்.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் வங்கி என் அறிக்கையை எடுத்துப் பார்த்தது. மிஸ் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஒரு மாதமும் பிந்தேல்லை அக்கா. எல்லாம் முழுசாக் கட்டியிருக்கிறியள். கடன் சரி.”

“இன்னொருக்கா பாருங்க மிஸ்.”

“ரெண்டு தரம் பார்த்திட்டன்.”

“பரவாயில்ல, இன்னொருக்கா.”

பார்த்தார். அதேதான்.

கொஞ்ச நாளில் கெஸ்ட் ஹவுஸ் காசும் வந்தது, முதலாளி சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்தார். அதே துண்டுத் துணியில் சுற்றியிருந்தது.

“வட்டியும் நானே கட்டிட்டன். அண்டைக்கு ஒங்கட கார்ட்ல போட்டீந்தா ஒங்கட ஊட்டையும் நான்தான் கெடுத்தீப்பன். ஒங்கட பயத்துல எனக்கும் கொஞ்சம் தாங்க தங்கச்சி.”

“அது மட்டும் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க” என்றேன். மரியதாஸ் அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

4. என் ஜன்னல்

வீடு எழும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போய், முதல் தடவையாக என் சொந்த ஜன்னல்களை அளந்தேன். துணியைக் கார்டில்தான் எடுத்தேன். வந்ததும் டின்னில் காசு போட்டேன்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பயந்த சுபாவம் குறையில்லை, அதைத் திகதி தவறாமல் கட்டுவதற்குப் பாவியுங்கள். இரக்கப்பட்டால் உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள். உங்கள் பேரை மட்டும் இரவல் கொடுக்காதீர்கள்.

ஒரு சதம் கடனில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து, வெறுங்கையோடு திரும்பியவள் நான். இப்போது யார் கேட்டாலும் அதைவிட நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்கிறேன். இந்த மாதத் தவணையும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. என் பேரில் இன்னும் கட்ட இருப்பது முப்பத்தொரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.