சாட்டிலைட்டுக்குப் பின்னால் நின்ற சூரியன்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நிச்சயமானது. முடித்து வைத்தது தரகர் இல்லை, ஒன்றுவிட்ட அத்தையும் இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு சாட்டிலைட்!

சிரிக்காதீர்கள். நான் கூடவே இருந்து பார்த்தவள்.

என் கணவருக்கு விண்வெளி ஆபீசில் வேலை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே அவர் பார்ப்பது ராக்கெட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு வால்வை. ஆனால் எங்கள் தெரு இருக்கும் வலியசாலையில் யாருக்கு வேண்டும் இந்த வித்தியாசம்? வானத்தில் எது சுற்றினாலும் அதற்கு இவர்தான் பொறுப்பு. திடீரென்று மழை பெய்தால், "உங்க சாட்டிலைட் நேத்தே சொல்லப்படாதோ?" என்று கேட்பார்கள். துபாய்க்குப் போட்ட போன் பாதியில் அறுந்தால் அதற்கும் இவர்.

வித்துராவில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டாராம். மேலேயிருந்து எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தால் கோர்ட்டில் கொடுக்கலாமாம். கையில் ஒரு பலாப்பழம் வேறு!

இவரும் சளைக்காமல் விளக்கினார். "டிவி, டெலிபோன், மழை மேகம்... இதுக்கெல்லாம் உள்ள சாட்டிலைட் ஒரே இடத்துல நிக்கும். பூமி சுத்தற வேகத்துக்கே அதுவும் சுத்தறதுனால நமக்கு நிக்கறாப்பல தோணும். காடு, வயல், உங்க ரப்பர் இதையெல்லாம் படம் எடுக்கறது வேற. அது ரொம்பத் தாழ்வா, வடக்குத் தெற்கா ஓடிண்டே இருக்கும். ஆனா உங்க வேலி அளவுக்கெல்லாம் அதுக்குக் கண்ணு தெரியாதாக்கும்."

வந்தவர் கடைசிவரை தலையாட்டினார். பிறகு, "செரி சார், போட்டோ எப்பக் கிட்டும்?" என்றார்.

இது இப்படி இருக்க... எதிர்வீட்டுச் சங்கரன் மாமாவின் பெண் வசந்தி. கிழக்கேகோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். நல்ல பெண், கெட்டிக்காரி. ஆனால் பெண் பார்க்க மூன்று பேர் வந்து, மூன்றும் தட்டிப் போயிற்று. ஏன்?

டிவி!

மாமா வாங்கியிருப்பது பெரிய கலர் டிவி. விருந்தாளி வந்தால் அணைப்பதுதானே மரியாதை? இவர் வால்யூமைக் கூட்டுவார். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டார்கள், சீரியலைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், எழுந்து போனார்கள். "ஊருக்குப் போய் எழுதறோம்" என்றதோடு சரி.

வசந்தி ஒருநாள் என்னிடம் வாய்விட்டே சொன்னாள். "பார்த்துட்டு வேண்டாம்னா அது அவா இஷ்டம், மாமி. நான் வந்து நமஸ்காரம் பண்றேன், ஒருத்தர் என் தலைக்கு மேலே ஸ்கோர் பார்க்கறார். பார்க்காமலே வேண்டாம்னு சொல்றதுதான் பொறுக்கலை."



நான்காவது வரன் நாகர்கோவிலில் இருந்து. பிள்ளைக்கு பேங்க் உத்தியோகம். பிள்ளையின் அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஞாயித்துக்கிழமை ஒன் டே மேட்ச் இருக்கே... உங்காத்துல கேபிள் உண்டோ?" மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வசந்தி அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த வாரத்தில்தான் அது ஆரம்பித்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி ஆகப்போகிறது என்றால் டிவியில் படம் புள்ளி புள்ளியாகும். அப்புறம் வெறும் இரைச்சல். சில நிமிஷத்தில் தானாகச் சரியாகிவிடும். மறுநாளும் அதே கதை. கேபிள்காரப் பையனைத் தெருவே சேர்ந்து திட்டித் தீர்த்தது. அவன் நேரே எங்கள் வீட்டில் வந்து நின்றான். "சார், நீங்களாவது சொல்லுங்க சார். என் ஒயர்ல ஒரு குத்தமும் இல்ல!"

இவர் தெருவில் இறங்கி எல்லோருக்கும் விளக்கினார். வருஷத்தில் இரண்டு தடவை, சில நாட்கள், சூரியன் அந்த சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்குமாம். எதிரே வரும் பைக்கின் ஹெட்லைட் கண்ணில் அடித்தால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஆள் தெரிவாரா? அதுபோல கேபிள்காரப் பையனின் டிஷ்ஷுக்கும் சாட்டிலைட் தெரியாமல் போகுமாம்.

"சூரியன், சாட்டிலைட், நம்ம டிஷ்... மூணும் ஒரே கோட்டிலயா?" என்று கேட்டாள் பகவதி மாமி, வசந்தியின் அம்மா. "அப்போ கிரகணம்னு சொல்லுங்கோ!"

இவர் ஒரு நொடி யோசித்து, "ஒரு விதத்துல அப்படியும் சொல்லலாம்" என்றார்.

சொல்லலாமா? இந்தத் தெருவில்?

மறுநாள் மாமி வீட்டில் ஊறுகாய் ஜாடி மேல் தர்ப்பை, தயிர்ச் சட்டி மேல் தர்ப்பை, டிவி மேலும் ஒரு தர்ப்பை! கிரகணம் விட்டதும் ஒரு ஸ்நானம் வேறு.

சங்கரன் மாமாவுக்கோ கவலை வேறு. "ஞாயித்துக்கிழமை ஒருநாள் மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லப்படாதோ? உங்க ஆபீசுல ஒரு வார்த்தை பறஞ்சா..."

"எதை மாமா? சூரியனையா, சாட்டிலைட்டையா?"

"எது எளுப்பமோ அதை!"

கடைசியில் அவரே ஒரு திட்டம் போட்டார். பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்கு முன்னால் டிவி கிரகணம். ஆகவே பதினொன்றரைக்கே பெண்ணைக் காட்டிவிடுவது.

சனிக்கிழமை சாயங்காலம் வசந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கணவர் முன்னால் உட்கார்ந்து, ஏன், எப்படி, நாளைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் அவர் சொன்னதை முழுசாகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். பேப்பரில் பூமி, சூரியன் எல்லாம் வரைந்து காட்டினார். எனக்குத்தான் லேசாகப் பொறி தட்டியது.

ஞாயிறு. நான் பஜ்ஜி போட்டுக் கொடுக்க அவர்கள் வீட்டுச் சமையலறையில். "சாட்டிலைட் வகைக்கு ஒரு ஆள் இருக்கட்டும்" என்று என் கணவரையும் கூடத்தில் உட்கார வைத்திருந்தார் மாமா. பிள்ளையின் அப்பா மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வந்தார், உட்கார்ந்தார், டிவியைப் பார்த்தார். அவ்வளவுதான். பஜ்ஜித் தட்டைக்கூடக் கையால் தடவித்தான் எடுத்தார்.

பதினொன்றரை. "வசந்தீ!"

"ஒரு நிமிஷம்ப்பா, கொசுவம் சரியா வரலை."

"வசந்தீ!"

"பூ வச்சுண்டிருக்கேன்ப்பா!"

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாமி பல்லைக் கடித்தாள். "கிரகணம் பிடிக்கப் போறதுடி, எழுந்திரு!" வசந்தி காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

கூடத்தில் பௌலர் ஓடி வந்தார்... ஓடி வந்தார்... புள்ளியானார், காணாமலே போனார்.

"அய்யய்யோ!" என்று எழுந்த பிள்ளையின் அப்பா டிவி மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். கையோடு தர்ப்பை வந்தது. "இதென்ன ஓய்... டிவிக்கு என்ன, தர்ப்பணமா?"

அப்போதுதான் வசந்தி கூடத்துக்குப் போனாள். "அடிக்காதீங்கோ, மாமா. டிவிக்கு ஒண்ணுமில்லை. சூரியன் சாட்டிலைட்டுக்குப் பின்னால வந்து நிக்கறது. பத்து நிமிஷத்துல தானே சரியாயிடும். அதுவரை காப்பி சாப்பிடுங்கோ."

எல்லோரும் திரும்பினார்கள். வேறு என்ன செய்வார்கள்? பார்க்க வேறு எதுவும் இல்லையே!

பிள்ளைதான் முதலில் கேட்டான். "டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பி வச்சா?"

"திருப்பினா சூரியனோட சாட்டிலைட்டும் போயிடும். டிஷ் பாட்டுக்கு இருக்கட்டும். சூரியன் தானே நகர்ந்துக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எதிராத்து மாமாகிட்டப் போய்க் கேட்டேன்."

பிள்ளையின் அப்பாவுக்கும் சுவாரஸ்யம் வந்துவிட்டது. "அப்போ டே-நைட் மேட்ச்சுல, ராத்திரி இப்படி வந்தா?"

"ராத்திரி ஏது மாமா சூரியன்?"

கூடமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். நான் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தேன். பையன் ஏதோ கேட்டான், அவள் சொன்னாள். அவள் ஏதோ கேட்டாள், அவன் யோசித்துப் பதில் சொன்னான். அடுப்பில் பஜ்ஜி கருகிய வாசனையே எனக்கு வரவில்லை.

திடீரென்று டிவியில் ஒரு பெரிய ஆரவாரம். படம் வந்துவிட்டது! ஒரு விக்கெட் விழுந்திருந்தது. பிள்ளையின் அப்பா திரும்பினார். அம்மா திரும்பினாள். சங்கரன் மாமா திரும்பினார். விஞ்ஞானியான என் கணவரும் திரும்பினார்.

பிள்ளை மட்டும் திரும்பவில்லை.

உள்ளே வந்த வசந்தி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அதைத்தான் சொன்னாள். "மாமி, அவர் திரும்பலை." எனக்கும் கண்ணில் தண்ணீர். பஜ்ஜிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கட்கிழமையே நாகர்கோவிலில் இருந்து சம்மதம் வந்துவிட்டது. தர்ப்பையின் மகிமை என்கிறாள் மாமி. கலர் டிவி வாங்கிய வேளை என்கிறார் மாமா. பெண்ணைப் பெற்ற இன்னும் இரண்டு வீட்டார் என் கணவரிடம் வந்து அடுத்த 'முகூர்த்தம்' எப்போது என்று ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார்கள். செப்டம்பர் கடைசியிலாம்.

நானும் அன்றைக்கு உடுத்த ஒரு பட்டுப்புடவையை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் டிவியைப் பார்த்தபடியே சாப்பிடுகிற ஒருவர் இருக்கிறாரே!