அமாவாசைக் கூட்டமும் பட்டு மேலங்கியும்

2023 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். ஆரணித் திரையரங்கு ஒன்றின் டிக்கெட் கவுன்ட்டரில் அகல்யாவைக் கமலக்கண்ணன் முதன்முதலாகப் பார்த்தார். நேரம் அவர் மனத்தில் பிசகாமல் பதிந்திருந்தது; அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அவள் அவரை மறுத்துப் பேசியிருந்தாள்.

"'புயல்வேங்கை' அடுத்த பாகத்துல ஹீரோவ மாத்துறாங்க. வில்லனா வந்தானே நெட்டையா ஒருத்தன், அவன்தான்" என்று நண்பர் பரசுராமனிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவரு இல்லீங்கணா" என்றது கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கடைசியில கார் ஓட்டிகினு வந்து ரெண்டே வார்த்த பேசுவாரே, அவரு. ரெண்டு வார்த்தைக்கு மூஞ்சிய அவ்ளோ நேரம் காட்டுவாங்களா?"

நவம்பரில் அறிவிப்பு வெளியாயிற்று. கார் ஓட்டியவர்தான்.

கமலக்கண்ணனுக்கு வயது நாற்பத்து மூன்று. நான்கு தறி ஓடும் வீடு. பட்டுச் சேலைக் கரைகளுக்குக் கணினியில் டிசைன் போடுவது தொழில். இருநூற்றுப் பதினான்கு பேர் கொண்ட ஆரணி சூப்பர்ஹீரோ ரசிகர் வாட்ஸ்அப் குழுவுக்கு அவரே அட்மின். எல்லாருக்கும் அவர் 'தலைவர்'. யார் எந்த வேடம் ஏற்பார், எந்தப் படம் எவ்வளவு வசூலிக்கும் என்று வியாழன்தோறும் பட்டியலிடுவார். ஆரணியில் முதல் காட்சி நிரம்பினால் இந்தியாவே நிரம்பும் என்பது அவரது சூத்திரம். மூன்று படங்களுக்கு அது பலித்தும் இருந்தது.

அகல்யா தேசூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பெண், பி.காம். முடித்தவள். படம் தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் கவுன்ட்டரை மூடுவார்கள். மீதிப் படத்தைக் கதவோரம் நின்று பார்ப்பாள். எந்தப் படத்தின் தொடக்கத்தையும் அவள் பார்த்ததில்லை. பரசுராமன்தான் அவளைக் குழுவில் சேர்த்துவிட்டார். அதன்பின் தலைவர் பட்டியல் போட்டால், கீழே முதல் கேள்வி இப்படி வந்தது: "அகல்யா இன்னா சொல்லுது?"

கமலக்கண்ணனுக்கு வயிறு எரிந்தது. கரைக்கு மயில் வரையும்போதும் அந்தக் கேள்வியே கண்முன் நின்றது. ஒழுங்கைக் காரணம் காட்டி, அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவைப் பூட்டினார். "நீங்க மட்டும் பேசிகினு இருந்தா அது குரூப்பா, ரேடியோவா தலைவரே?" என்று பரசுராமன் நேரிலேயே கேட்டார். இரண்டாம் நாள் திறந்துவிட வேண்டியதாயிற்று.

2024 ஜூலை 5, வெள்ளிக்கிழமை. புதிய 'புயல்வேங்கை' வெளியானது. முதல் காட்சிக்குப் படிக்கட்டில்கூட இடமில்லை. கமலக்கண்ணன் கூட்டத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, குரல் பதிவும் அனுப்பினார்: "மூணு நாள்ல இந்தியா முழுக்க நூறு கோடி! ஒரு ரூபா கொறஞ்சாலும் நம்ம ஆரணிப் பட்டுலயே புயல்வேங்கை மேலங்கி நெய்து போட்டுகினு தியேட்டர் வாசல்ல நிக்கறேன். என்னிக்கு நிக்கணும்னு அகல்யாவே சொல்லட்டும்."

பதில் கவுன்ட்டரிலிருந்தே வந்தது: "அண்ணா, இன்னிக்கு அமாவாச. ஊரு பூரா தறி லீவு. அமாவாசன்னா எந்தப் படத்துக்கும் எங்களுக்கு ரெண்டு மூட்ட பாப்கார்ன் அதிகமா போவும். நாப்பது கோடி வந்தா பெருசு."

கமலக்கண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று காலை தம் தந்தைக்கு எள்ளும் நீரும் விட்டுவிட்டுத்தான் படத்துக்குப் புறப்பட்டிருந்தார். வீட்டில் நான்கு தறிகளும் ஓசையடங்கிக் கிடந்தன. மாதந்தோறும் கிடப்பவைதாமே, அவர் கண்ணில் அது படவேயில்லை.

சனிக்கிழமை தறிகள் ஓடின. அரங்கில் மூன்று வரிசைதான் நிரம்பியது. திங்கட்கிழமை கணக்கு வெளிவந்தது: நாற்பத்தொரு கோடி.

"தலைவரே, மேலங்கிக்கு மாம்பழக் கலரு எடுப்பா இருக்கும்!" என்று பரசுராமன் சிரித்தார். அகல்யா, "படம் நல்லாதான் இருக்குது, எல்லாரும் பாருங்க" என்று மட்டும் எழுதினாள்.

சொன்ன சொல்லுக்காக மேலங்கியை நெய்தார்: அரக்குச் சிவப்பு, சாம்பல் கரை. அவள் நாள் குறிப்பாள், கேலி செய்வாள், அதைச் சாக்காக வைத்து மனமார வெறுக்கலாம் என்று காத்திருந்தார். வெள்ளிதோறும் அதைப் பையில் வைத்துக்கொண்டே படத்துக்குப் போனார்.

"பையில இன்னாண்ணா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"புயல்வேங்கை அங்கி. எப்ப நிக்கணும்?" குரலில் இருந்த கடுகடுப்பு அவருக்கே கேட்டது.

அகல்யா டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். "ஜல்தி போங்கணா, டைட்டில் போட்டுட்டாங்க. நான்தான் ஆரம்பத்தையே பாத்ததில்ல, நீங்களாவது பாருங்க."

அந்தப் பெருந்தன்மையின்மீதும் அவருக்குப் பொறாமை வந்தது. படம் முழுக்க அவர் திரையைப் பார்க்கவில்லை. கதவோரம் அவள் வந்து நிற்கிறாளா என்றே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறு ஆண்டு சேத்துப்பட்டில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. இன்றும் குழுவில் இருக்கிறாள், யார் எந்த வேடத்துக்கு என்று சொல்கிறாள், பெரும்பாலும் பலிக்கிறது. அவள் பெயர் திரையில் தெரியும்போதெல்லாம் கமலக்கண்ணன் முதலில் தேடுவது மேலங்கி என்ற சொல்லைத்தான். அவள் இதுவரை நாள் குறிக்கவில்லை.