பெண்டிங் என்றால் பெண்டிங் இல்லை

பெர்லிட்டாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஸ்டாக்டனுக்குத் தெற்கே உள்ள அந்தச் சிறு நகரத்தின் சட்ட நூலகத்தில் அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி போட்டு இருபது வருஷமாகிறது. நாற்காலி இன்னும் புதுசாகவே இருக்கிறது. அவள் கால்தான் தேய்ந்துபோயிருக்கிறது.

வேலை அப்படி. மாதா மாதம் ஒரு பார்சல் வரும். குடியேற்றச் சட்டப் புத்தகங்களில் எந்தப் பக்கத்தை உருவி எறிய வேண்டும், எந்தப் புதுப் பக்கத்தை அங்கே செருக வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். போன மாதம் சட்டமாக இருந்தது இந்த மாதம் குப்பைக் கூடைக்குப் போகும். உருவுவதும் செருகுவதுமாக அவள் கைகளும் சும்மா இருந்து பழகவில்லை. வீட்டில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதுகூட மேஜைமேல் கிடக்கும் காகிதங்களை அடுக்கிக்கொண்டே இருப்பாள்.

கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே பிள்ளை எல்மர், முப்பத்துநாலு வயது, அவள் விட்டுவந்த பிலிப்பைன்ஸில் லாவாக் ஊரில் மோட்டார் மெக்கானிக். அவனை இங்கே கொண்டுவர அவள் போட்ட மனு பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கைநழுவி, வளர்ந்த பிள்ளைகளுக்கான நீண்ட வரிசைக்குப் போய்விட்டது. "சட்டத்த மாத்திட்டாங்கடா, நாம என்ன பண்றது" என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

நூலகத்தில் ஒரு விதி உண்டு. தலைமை நூலகர் மார்ஜரி அதை உள்ளே வரும் ஒவ்வொரு பணியாளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவாள். காட்டலாம், சொல்லக் கூடாது. புத்தகத்தைக் காட்டலாம், பக்கத்தைத் திறந்து வைக்கலாம். அதற்கு என்ன அர்த்தம் என்று வாயைத் திறக்கக் கூடாது. அது வக்கீல் வேலை. தப்பாகச் சொல்லி ஒருவன் குடும்பம் கெட்டால் யார் பொறுப்பு? நியாயமான விதிதான். பெர்லிட்டாவும் அதை இருபது வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வந்தாள்.

ருஃபினோ மூன்று வாரமாக வியாழக்கிழமைகளில் வருகிறான். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை, வியாழன் விடுமுறை. அவன் மகள் ஜோவெலினும் லாவாக்கில்தான், நர்ஸிங் கடைசி வருஷம். மகளுக்காக மனுப் போட்டு ஆறு வருஷமாகிறது. அவளுக்கு இப்போது இருபத்திரண்டு. இருபத்தொன்றைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் குழந்தை இல்லை, பெரிய வரிசைக்குப் போ என்று யாரோ ஓர் ஆலோசகன் கையை விரித்துவிட்டான். ருஃபினோவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. தானே படித்துப் பார்த்துவிடுவது என்று நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டான்.

முதல் வாரம் பெர்லிட்டா சட்டப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். இரண்டாம் வாரம் விதிமுறைகளின் தொகுதி. மூன்றாம் வாரம் அவன் உள்ளே நுழையும்போதே முகமெல்லாம் பல். கையில் பான்சித் சேமியா டப்பா வேறு.

"இங்க சாப்பாடு கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது தம்பி? பைக்குள்ள வை."

"இன்னிக்கி மட்டும் விடுங்கக்கா. நல்ல சேதி. என் பொண்ணு இன்னும் குழந்ததான்!"

"அந்த நர்ஸுக் குழந்தையா?"

"கேலி பண்ணாதீங்க. நீங்க குடுத்த புத்தகத்துலயே இருக்கு. மனு எத்தன நாள் பெண்டிங்ல இருந்துச்சோ அத்தன நாள வயசுல கழிச்சுக்கலாமாம். இருபத்திரண்டுல ஆறு போச்சுன்னா பதினாறு. இன்னும் அஞ்சு வருஷம் டைம் இருக்கு! அவ பரீட்சைய முடிச்சிட்டு மெதுவா விசாவுக்கு விண்ணப்பம் போடட்டும்னு சொல்லிட்டேன்."

பெர்லிட்டா கையிலிருந்த பக்கங்களை மேஜைமேல் வைத்தாள்.

அவர்கள் ஊர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் அதே பேச்சுதான். மனு என்னாச்சு? பெண்டிங். போட்ட நாளிலிருந்து பிள்ளை விமானம் ஏறுகிற நாள்வரை எல்லாமே பெண்டிங். தேவாலய வாசலில், மளிகைக் கடையில், கல்யாணப் பந்தியில் அப்படித்தான் பேசுவார்கள். சட்டத்தின் பெண்டிங் அது இல்லை. மனு போட்ட நாளிலிருந்து அதிகாரிகள் அதை ஏற்றுக்கொண்ட நாள்வரை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரிசையில் நின்ற வருஷங்களை யாரும் கழித்துத் தரமாட்டார்கள். அது போகட்டும், வரிசையில் நம் முறை வந்த நாளிலிருந்து ஒரே வருஷத்துக்குள் பிள்ளையின் விசா விண்ணப்பம் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் எந்தக் கழித்தலும் கிடையாது.

இது அவளுக்கு எப்படித் தெரியும்? எல்மருக்காக அவளும் இதே கணக்கைப் போட்டிருந்தாள். சட்டம் மாறவே இல்லை. அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே புத்தகத்தில் செருகியவள், பெண்டிங் என்ற சொல்லை ஊர்ப் பேச்சாகவே படித்துவிட்டு, நாள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தாள். விஷயம் தெரிந்தபோது வருஷம் தாண்டி இரண்டு மாதமாகியிருந்தது.

"உன் காகிதத்தக் காட்டு" என்றாள்.

ருஃபினோ உறையை நீட்டினான். மனு ஏற்கப்பட்டது பதினாலு மாதத்தில். முறை வந்தபோது மகளுக்கு இருபத்தொரு வயது நாலு மாதம். பதினாலு மாதம் கழித்தால் இருபது சொச்சம், தப்பித்தாள். ஆனால் முறை வந்தது போன வருஷம். அந்த ஒரு வருஷம் நாளையோடு முடிகிறது.

அவள் விதிமுறைத் தொகுதியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். "இந்த வரியப் படி."

"படிச்சிட்டேங்க்கா."

குடியேற்றத் துறையின் கையேட்டைக் கணினியில் திறந்து, அந்தச் சொல்லுக்கு விளக்கம் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இத?"

"இதுவும் அதத்தான சொல்லுது."

"உன் காகிதத்துல இருக்கிற தேதியையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு."

"பாத்துட்டேங்க்கா. என்ன, கண்ணாடி மாத்தணும்ங்கிறீங்களா?"

பெர்லிட்டா அலமாரிகளைச் சுற்றி ஒரு நடை போய் வந்தாள். இன்னொரு நடை போனாள். ஒரு புத்தகத்தை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். மார்ஜரியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. திரும்பி வந்தபோது ருஃபினோ நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, பான்சித் டப்பாவை அவள் மேஜை ஓரத்தில் நைசாகத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"வர்றேங்க்கா. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"உட்காருடா!"

நூலகமே திரும்பிப் பார்த்தது.

"பெண்டிங்னா நம்மாளுங்க சொல்ற பெண்டிங் இல்லடா மடையா! மனுவ ஏத்துக்கிட்டாங்கள்ல, அன்னிக்கே முடிஞ்சுபோச்சு! உனக்கு அஞ்சு வருஷம் இல்ல. நாளைக்கு வரைக்கும்தான். பொண்ணக் கூப்பிடு!"

ருஃபினோவின் முகத்தில் இருந்த சிரிப்பு போக ஒரு நிமிஷம் பிடித்தது. அதற்குள் மார்ஜரி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பெர்லிட்டா, இப்ப என்ன சொன்னே?"

"அர்த்தம் சொன்னேன். எழுதித் தரச் சொன்னா எழுதித் தர்றேன். முதல்ல இவனுக்கு அந்தக் கணினி வேணும்."

மார்ஜரி கணினியின் ஒரு மணி நேரக் கெடுவை நீக்கிவிட்டு உள்ளே போனாள். லாவாக்கில் அப்போது காலை ஏழு மணி. ஜோவெலின் தூக்கக் கலக்கத்தில் பள்ளிக்கூடப் பெயர்களையும் பழைய விலாசங்களையும் தொலைபேசியில் சொல்லச் சொல்ல ருஃபினோ ஒற்றை விரலால் தட்டினான். "அப்பா, இங்க விடிஞ்சு வெள்ளிக்கிழம ஆயிடுச்சே, பரவாயில்லையா?" என்று அவள் கேட்டபோது அவன் தட்டுவதை நிறுத்திப் பெர்லிட்டாவைப் பார்த்தான். "இங்க இன்னும் வியாழன்தான், தட்டு" என்றாள். ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பெறப்பட்டது என்று திரையில் வந்தது. ருஃபினோ அதைப் படம் பிடித்தான், அச்செடுத்தான், பிறகு அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டான்.

அவனை அனுப்பிவிட்டு, நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி மார்ஜரியின் மேஜையில் வைத்தாள். வேலை இருக்குமா போகுமா என்று, மேலிடம் பார்த்த பிறகு, திங்கட்கிழமைதான் தெரியும். காருக்குப் போனவளுக்கு வண்டியை எடுக்க மனம் வரவில்லை. எல்மரைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, காலங்காத்தால? உடம்புக்கு எதாச்சுமா?"

"எல்மர், சட்டத்த யாரும் மாத்தலடா. நான்தான் தப்பாப் படிச்சேன். நாள் இருக்குன்னு நெனச்சு விட்டுட்டேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் ஏதோ மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தினான்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அந்த வருஷமே நானும் தேடிப் படிச்சேன். சட்டம் அப்படியேதான் இருந்துச்சு. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கோவமில்லையாடா?"

"ரெண்டு வருஷம் இருந்துச்சும்மா. அப்புறம், நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்ணி ஒரு மணி நேரம் என்னென்னமோ பேசுவீங்க, இத மட்டும் பேச மாட்டீங்க. பாவமா இருந்துச்சு."