வடை மணத்த என்ஜின்

யுத்த காலத்தில் குரூடாயிலுக்குக் கண்ட்ரோல் வந்து, என்ஜின் ஓட்ட எண்ணெய் கிடைக்காமல் போனபோது சங்கரன்கோவில் முழுக்கக் கவலைப்பட்டது. எங்கள் சித்தப்பா மட்டும், தன் மூளைக்கு ஒரு வேலை வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டார். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஆயில் என்ஜினை ஓட்டுவது அவர் பொறுப்பு. கரிசலில் மிளகாய் பூத்து நின்றது; தண்ணீர் நின்றால் போச்சு.

பலகாரக் கடைகளில் வடை சுட்டு மிஞ்சிய கறுத்த எண்ணெயை வாங்கி வந்து, பழைய வேட்டியில் வடிகட்டி என்ஜினுக்கு ஊற்றினார். அதுவும் ஓடியது! புகையெல்லாம் வடை மணம். தெருநாய்கள் தோட்டத்துக்கே குடிவந்துவிட்டன. அப்பா முகம் சுளித்தார். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சித்திதான் வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டு சிரித்தாள்.

மார்கழிக் குளிரில் எண்ணெய் கூழாகக் கெட்டிப்பட்டது. என்ஜின் இருமி இருமி நின்றுவிட்டது. சித்தப்பா என்ஜின் கொட்டகைக்குள்ளேயே அடுப்புக் கூட்டி எண்ணெயைச் சூடாக்கினார். திடீரென்று சட்டி முழுக்கத் தீ. சித்தி தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தாள்.

"ஏட்டி, தண்ணி ஊத்தாத! ஊத்தாத!"

அதற்குள் குடம் சாய்ந்துவிட்டது. சித்தப்பா குறுக்கே பாய்ந்து அவளைத் தள்ளினார். சட்டிக்குள் தண்ணீர் விழுந்ததுதான் தாமதம், தீ கூரைவரை எழும்பியது. அப்பா மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தபோது சித்தப்பாவின் இரண்டு கைகளும் வெந்திருந்தன.

கோவில்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் என்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உள்ள பூராம் பிசினால்லா அடைச்சிருக்கு! தீப்பிடிக்காட்டியும் இது ஒரேயடியா நின்னுதான் போயிருக்கும்" என்றார். அப்பா பழையபடி மாடுகளைக் கமலையில் பூட்டித் தண்ணீர் இறைத்து, மிளகாயில் பாதியைக் காப்பாற்றினார்.

கைக்கட்டோடு இருந்த சித்தப்பாவுக்குச் சித்திதான் சோறு ஊட்டினாள். பெரியவர்கள் முன்னால் அவரோடு பேசவே கூச்சப்படுகிறவள், அடுக்களை மூலையில் உட்கார்ந்து உருண்டை உருட்டிக் கொடுப்பாள். தை பிறந்து, கட்டு அவிழ்த்த பிறகும் அது நிற்கவில்லை. ஒருநாள் அவர் அதே கைகளால் கமலைக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவதைப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன்.

"சித்தப்பா உங்கள ஏமாத்துதாரு சித்தி. கை நல்லாயிட்டு. நான் பாத்தேன்."

"எனக்குத் தெரியும். ஏட்டி, நீ யார்ட்டயும் சொல்லிராத."

அவள் முகம் சிவந்துவிட்டது. கோபம்தான் என்று நினைத்தேன். அவ்வளவு கோபம் வந்தவள், அன்றைக்கு மட்டும் ஏன் அவர் சோற்றில் இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டுப் பிசைந்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.